கமடோர் 64இல் 2048: பேசிக்கில் நாமே எழுதலாம்

கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி கையில் இருந்தால், இல்லையென்றால் இன்றைய கணினியில் அதைப்போலவே நடிக்கும் வைஸ் எமுலேட்டராவது இருந்தால், முதலில் இதைச் செய்து பாருங்கள். மெஷினை ஆன் செய்ததும் நீலத் திரையில் 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ என்று காட்டிவிட்டு, கீழே ரெடி என்று நிற்குமல்லவா, அங்கே போக் 2048,1 (2048ஆம் நினைவக முகவரியில் 1ஐ வை என்ற கட்டளை) என்று தட்டி ரிட்டர்ன் அழுத்துங்கள். அப்புறம் ரன் கொடுங்கள். உள்ளே ஒரு வரி நிரல்கூடக் கிடையாது, ஆனாலும் சின்டாக்ஸ் எரர் என்று மெஷின் முறைக்கும். காரணம் இதுதான்: இந்த மெஷினோடு வரும் நிரல்மொழியான பேசிக்கில் எழுதும் நிரல் 2049ஆம் முகவரியில் தொடங்குகிறது, அதற்கு முந்தைய பைட்டான 2048இல் பூஜ்யம் இருந்தே ஆகவேண்டும். திரையில் தெரியும் எழுத்துகளின் நினைவகம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், 1024. இந்த இரண்டு எண்களையும் ஒரே மெஷினில் பார்த்த அன்றைக்கே, 2048 என்ற எண் ஆட்டத்தை இதில்தான் எழுதவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். (போக் 2048,0 கொடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், பயப்படவேண்டாம்.)

ஆட்டம் தெரியாதவர்கள் குறைவு. நாலுக்கு நாலு கட்டம், ஒரு பக்கமாகத் தள்ளினால் எல்லா ஓடுகளும் அந்தப் பக்கம் நகரும், ஒரே எண் உள்ள இரண்டு மோதினால் கூடி ஒன்றாகும், 2ம் 2ம் 4, 4ம் 4ம் 8, இப்படியே 2048 வரை. 2014 மார்ச்சில் கேப்ரியேல் சிருல்லி என்ற 19 வயது இத்தாலிக்காரர் ஒரு வார இறுதியில் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, மூல நிரலோடு இலவசமாக விட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் த்ரீஸ் என்ற ஆட்டம் வந்திருந்தது, அதைச் செய்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செதுக்கியிருந்தார்கள். யார் யாரைப் பார்த்துச் செய்தார் என்ற சண்டை அப்போது பெரிதாக ஓடியது, அது நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது, இந்த ஆட்டத்தில் வேகமோ ஓடிப்பிடிப்பதோ எதுவும் இல்லை, ஆடுபவர் யோசிக்கும்வரை மெஷின் சும்மா நிற்கலாம் என்பது. ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 1982 மாடல் மெஷினுக்கு, அதுவும் அதன் பேசிக்குக்கு, இதைவிடத் தோதான ஆட்டம் கிடைக்காது.

என்னுடைய மெஷின் பினாங்கு ஆயர் ஈத்தாமில் சித்தப்பா வீட்டு ஸ்டோர் ரூமில், மீலோ டின்களுக்குப் பின்னால் கிடந்தது. நீங்கள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது மாட்டும், இல்லையென்றால் பசியாறிவிட்டு வீட்டுக்கு வரலாம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் பால் (PAL) என்ற டிவி முறைக்கான மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மலேசியாவும் அந்த முறையைத்தான் பயன்படுத்தியது, 50 ஹெர்ட்ஸ், இங்கிலாந்துக்காரர்களின் மூன்று கால் பிளக்கும் நம்முடையதும் ஒன்றுதான், அதனால் அங்கிருந்து வருவது இங்கே தொந்தரவு இல்லாமல் ஓடும். பழைய பவர் பெட்டியை மட்டும் நேரே செருகாதீர்கள். 5 வோல்ட் லைன் ஏறிப்போனால் ராம் சிப்கள் காலி, புதிதாகச் செய்து விற்கும் பவர் சப்ளை ஒன்றை வாங்கிவிடுங்கள். இந்தச் செலவெல்லாம் எதற்கு என்று தோன்றினால் வைஸ் போதும், காசு இல்லை, இந்தக் கட்டுரையில் உள்ளதெல்லாம் அதிலும் அப்படியே வேலை செய்யும்.

இன்னொன்று. கட்டளைகளையும் பெயர்களையும் நான் தமிழிலேயே எழுதுகிறேன். மெஷினில் தட்டும்போது நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும், மாறிகளுக்கு ஒற்றை எழுத்து அல்லது இரட்டை எழுத்துப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். நீளமான பெயர் வைக்க ஆசைப்படாதீர்கள். இந்த பேசிக் முதல் இரண்டு எழுத்தை மட்டுமே பார்க்கும். புள்ளிகளுக்கு ஸ்கோர் என்று பெயர் வைத்தால் அந்தச் சொல்லுக்கு நடுவில் ஆர் என்ற கட்டளை ஒளிந்திருக்கிறது, வரி அங்கேயே உடையும். ஓட்டுக்கு டைல் என்று பெயர் வைத்தாலும் கதை அதுதான், முதல் இரண்டு எழுத்து மெஷினின் கடிகார மாறியான டிஐ, அதில் எதையும் போட விடாது. நான் இந்த இரண்டையும் ஒரே இரவில் செய்தேன். பிழை எங்கே என்று தேடிக் களைத்து, காலை ஷிஃப்டுக்குப் பாயான் லெப்பாசுக்குத் தூங்கிவழிந்துகொண்டே போனேன்.

சரி, பலகை. நாலுக்கு நாலு என்றதும் எல்லோரும் இரட்டைப் பரிமாண வரிசை போடப் பார்ப்பார்கள். வேண்டாம். ஒரே வரிசை, ப என்று வைத்துக்கொள்வோம், 0 முதல் 15 வரை. மேல் வரிசை 0, 1, 2, 3. அடுத்தது 4இலிருந்து 7. கடைசி வரிசை 12இலிருந்து 15. டிம் (வரிசைக்கு இடம் ஒதுக்கும் கட்டளை) போடும்போது மட்டும் 15 என்று போடாமல் 19 என்று போடுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டத்திலும் 2, 4, 8 என்று எண்ணையே வைக்கவேண்டாம், அது 2இன் எத்தனையாவது அடுக்கு என்பதை வையுங்கள். காலி என்றால் 0, 2க்கு 1, 4க்கு 2, 1024க்கு 10, 2048க்கு 11. இரண்டு ஓடுகள் கூடும்போது பெருக்கல் எதுவும் இல்லை, ஒன்று கூட்டினால் போதும். நிறத்துக்கும் அதே எண், சத்தத்துக்கும் அதே எண். திரையில் காட்ட உண்மையான எண் வேண்டுமே என்றால், தொடக்கத்திலேயே எண் என்று ஒரு பட்டியல் கட்டிவிடுங்கள்: எண்(1) = 2, அடுத்தடுத்தது முந்தையதைப்போல இரண்டு மடங்கு, 17 வரை. அடுக்குக் குறி போட்டுக் கணக்கிடாதீர்கள், அது மெதுவானது மட்டுமில்லை, நம்பவும் முடியாது. இந்த மெஷினில் 7இன் வர்க்கம் என்ன என்று அடுக்குக் குறி போட்டுக் கேட்டால் 49.0000001 என்று சொல்லும். மளிகைக் கடையில் இப்படிக் கணக்குச் சொன்னால் அடி விழும்.

இப்போது ஆட்டத்தின் உயிர் இருக்கும் இடத்துக்கு வருகிறோம். நான்கு திசைக்கு நான்கு தனித்தனி நிரல் எழுதத் தேவையே இல்லை. நான்கு ஓடுள்ள ஒரு வரிசையை ஒரு பக்கமாகத் தள்ளும் துணைநிரல் ஒன்று மட்டும் எழுதினால் போதும், எங்கே தொடங்குவது, எவ்வளவு தாவுவது என்ற இரண்டு எண்ணை மாற்றிக் கொடுத்தால் அதுவே நான்கு திசைக்கும் ஓடும்.

பழைய பினாங்கு பெர்ரியில் கார் ஏற்றிய காலம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பட்டர்வொர்த் பக்கம் கார்கள் வரிசையில் ஏறும், உள்ளே நிற்கும் ஆள் கையைக் காட்டி முன்னே வா, முன்னே வா என்பார், முதல் கார் தடுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும், அடுத்தது அதன் பின்பக்கத்தை ஒட்டி நிற்கும், நடுவில் இடைவெளி விடமாட்டார். நம் துணைநிரலும் அந்த ஆள்தான். முன்னால் இருப்பதை முதலில் நிறுத்து, பிறகு அடுத்ததைப் பார். பின்னாலிருந்து தொடங்கினால் எல்லாம் குழம்பும்.

இரண்டு விரல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரல் வாசிக்கும் இடம், வா. இன்னொன்று எழுதும் இடம், எ. இதோடு கை என்று ஒரு மாறி, கடைசியாக நிறுத்திய ஓடு எது என்பதை அது ஞாபகம் வைத்திருக்கும். தா என்பது தாவல். ம என்பது இப்போது பார்க்கும் ஓட்டின் மதிப்பு. மா என்பது பலகையில் ஏதாவது மாறியதா என்பதற்கான குறி, ஒவ்வொரு தள்ளலுக்கு முன்பும் அதை பூஜ்யமாக்கிவிடுங்கள். ஒரு வரிசைக்கான வேலை இவ்வளவுதான்:

எ = தொடக்கம், வா = தொடக்கம், கை = 0
கீழே உள்ளதை நான்கு முறை செய்
ம = ப(வா)
ம பூஜ்யம் என்றால் கடைசி வரிக்குப் போ
ப(வா) = 0
ம = கை என்றால்: ப(எ) = ம+1, பு = பு+எண்(ம+1), எ = எ+தா, கை = 0, மா = 1, கடைசி வரிக்குப் போ
கை பூஜ்யம் இல்லை என்றால்: எ = எ+தா
ப(எ) = ம, கை = ம
எ, வா இரண்டும் வேறாக இருந்தால்: மா = 1
கடைசி வரி: வா = வா+தா

பு என்பது புள்ளி, இரண்டு ஓடு கூடி என்ன வருகிறதோ அது அப்படியே புள்ளியில் சேரும். இந்த பேசிக்கில் எல்ஸ் (இல்லாவிட்டால்) கிடையாது, அதனால் நிபந்தனை பொய்யானால் அந்த வரியில் தென் (அப்படியானால்) என்ற சொல்லுக்குப் பிறகு இருக்கும் அத்தனையும் தாண்டப்படும். ஒரு நிபந்தனைக்கு உரியதையெல்லாம் முக்காற்புள்ளி போட்டு ஒரே வரியில் கோத்துவிடலாம், வரி 80 எழுத்துக்குள் இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் கட்டுப்பாடு.

கை = 0 என்று ஒரு சின்னத் துண்டு அந்த நீள வரிக்குள் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். முதல் தடவை நான் அங்கே கை = ம+1 என்று எழுதியிருந்தேன், கூடி வந்த ஓடுதானே இப்போது கடைசியாக நிற்கிறது, அதைத்தானே கை ஞாபகம் வைக்கவேண்டும் என்று நினைத்தேன், எ நகராமலும் விட்டிருந்தேன். ஆட்டம் ஓடியது, அழகாகவே ஓடியது. அண்ணன் மகன் வந்தான், ஒன்பது வயது, அவன் அம்மாவின் கைப்பேசியில் இதே ஆட்டத்தை ஆடி ஊறியவன். வரிசையில் 4, 4, 8 என்று இருந்தது, இடப்பக்கம் தள்ளினான், ஒரே அடியில் 16 வந்துவிட்டது. கையை ஜாய்ஸ்டிக்கிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சித்தப்பா, இது அலாப்பு. 8, 8 என்றுதான் வரணும்."

அவன் சொன்னது சரி. ஒரு தள்ளலில் ஒரு ஓடு ஒரு முறைதான் கூடலாம், கூடி வந்த ஓடு அதே தள்ளலில் மறுபடி கூடக்கூடாது. கையை பூஜ்யமாக்கி, எழுதும் விரலை ஒரு கட்டம் நகர்த்திவிட்டால், அடுத்து வரும் ஓட்டுக்கு ஒட்டிக்கொள்ள ஆளில்லை. இதைக் கையாலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரு தாளில் 2, 2, 2, 2 எழுதி, மேலே உள்ள வரிகளை நீங்களே மெஷினாக இருந்து ஓட்டுங்கள். 4, 4, காலி, காலி என்று வரவேண்டும். அடுத்து 4, 4, 8 எழுதி ஓட்டுங்கள், 8, 8 வரவேண்டும், 16 வந்தால் என் தப்பை நீங்களும் செய்திருக்கிறீர்கள். 4, 2, 2 எடுத்துக்கொண்டால் 4, 4 வரவேண்டும். 2, 2, 2 என்றால் இடப்பக்கம் தள்ளும்போது 4, 2. இந்த நான்கும் தேறினால் மற்றது தானாகத் தேறும்.

திசைகளுக்கு வருவோம். தொடக்கம், அடுத்த வரிசைக்குப் போகும் தூரம், தாவல், இந்த மூன்றையும் திசைவாரியாக டேட்டா வரியில் போட்டு ரீட் செய்துகொள்ளுங்கள்:

இடது: 0, 4, 1
வலது: 3, 4, −1
மேல்: 0, 1, 4
கீழ்: 12, 1, −4

கீழே தள்ளுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நெடுவரிசை 12இல் தொடங்குகிறது, நான்கு நான்காகக் குறைந்தால் 8, 4, 0. முன்னால் நிற்கவேண்டியது அடியில் இருக்கும் 12, அதனால் அங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறோம், பெர்ரி ஆள் மாதிரியே. அது முடிந்ததும் தொடக்கத்தோடு 1 கூட்டினால் 13, அடுத்த நெடுவரிசை. நான்கு முறை கோசப் (துணைநிரலைக் கூப்பிடும் கட்டளை) செய்தால் பலகை முழுக்கத் தள்ளியாகிவிட்டது. மா பூஜ்யமாகவே இருந்தால் எதுவும் நகரவில்லை என்று அர்த்தம், அப்போது புது ஓடு போடாதீர்கள், அந்தத் தள்ளல் கணக்கிலேயே இல்லை.

புது ஓடு போடுவதில் ஒரு சோம்பேறி வழி இருக்கிறது: 0 முதல் 15க்குள் ஏதாவது ஒரு எண்ணை எடு, அங்கே ஆள் இருந்தால் மறுபடி எடு. பலகையில் ஒரே ஒரு காலி இருக்கும்போது இந்த வழி மெஷினை மூச்சுத் திணற வைக்கும். காலிகளை எண்ணிவிடுங்கள், ஆறு காலி இருந்தால் 1இலிருந்து 6க்குள் ஒன்றை எடுங்கள், மூன்று வந்தால் மூன்றாவது காலியில் போடுங்கள். பத்தில் ஒன்பது தடவை 2, ஒரு தடவை 4, அதாவது 0க்கும் 1க்கும் இடையே ஒரு தற்செயல் எண்ணைத் தரும் ஆர்என்டி(1) என்பது .1க்குக் குறைவாக வந்தால் அடுக்கு 2, இல்லையென்றால் 1. ஆட்டம் தொடங்கும்போது இப்படி இரண்டு ஓடு.

ஆனால் எமுலேட்டரில் திறந்தவுடன் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே ஓடுகள் வருவதைப் பார்ப்பீர்கள். சீட்டைக் கலைக்காமல் போடுவது மாதிரி அது. ஆர்என்டிக்குள் மைனஸ் டிஐ கொடுத்து ஒரு முறை கலைக்கவேண்டும். அதையும் நிரலின் முதல் வரியில் செய்யாதீர்கள், மெஷின் எழுந்து நிரல் ஓடத் தொடங்கும் நேரம் எமுலேட்டரில் கிட்டத்தட்ட மாறாதது, கடிகாரமும் அதே எண்ணைத்தான் காட்டும். தலைப்புத் திரை ஒன்று வைத்து, பட்டனை அழுத்தச் சொல்லி, அழுத்திய நொடியில் கலையுங்கள். மனிதனின் கைதான் இதில் உண்மையான சூதாட்டம்.

ஜாய்ஸ்டிக்கை இரண்டாவது போர்ட்டில் செருகுங்கள். முதல் போர்ட் கீபோர்டோடு பின்னிப் பிணைந்தது, அசைத்தால் திரையில் கண்ட எழுத்தும் விழும். பீக்(56320), அதாவது அந்த முகவரியில் இருப்பதை எடுத்து 15 உடன் ஆண்ட் செய்தால், யாரும் தொடாதபோது 15, மேலே தள்ளினால் 14, கீழே 13, இடது 11, வலது 7. தள்ளல் முடிந்து, மறுபடி 15 வரும்வரை காத்திருக்க ஒரு வரி போடுங்கள், இல்லாவிட்டால் பிடித்த பிடியில் ஐந்தாறு தள்ளல் ஓடிவிடும். கீபோர்டில்தான் ஆடுவேன் என்றால், இந்த மெஷினில் அம்புக்குறிச் சாவி இரண்டே இரண்டுதான், எதிர்ப்பக்கம் போக ஷிஃப்ட் சேர்த்து அழுத்தவேண்டும், விரல் பின்னிக்கொள்ளும். கெட் கட்டளையில் வேறு நான்கு எழுத்துகளை வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் போக் 198,0 போடுங்கள், மெஷின் மெதுவாக நகர்த்திக்கொண்டிருக்கும்போது பொறுமை இல்லாமல் அழுத்திய சாவிகள் சேர்ந்து கிடக்கும், அதைத் துடைத்துவிடும்.

வரைவதில்தான் பலர் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். திரை 40 எழுத்து அகலம், 25 வரி. ஒரு ஓட்டுக்கு ஆறு எழுத்து அகலம், நான்கு வரி உயரம் கொடுத்தால் பலகை 24க்கு 16, இடப்பக்கம் எட்டு விட்டால் நடுவில் உட்காரும். ஆறு அகலம் ஏன் என்றால், இந்த ஆட்டத்தில் கணக்குப்படி வரக்கூடிய மிகப் பெரிய ஓடு 131072, ஆறு இலக்கம். அது என் வாழ்நாளில் வராது, இருந்தாலும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இதை போக் போட்டு வரைந்தால், ஒரு ஓட்டுக்கு 24 எழுத்து, 16 ஓட்டுக்கு 384, நிறத்துக்கு 55296இலிருந்து இன்னொரு 384. பேசிக்கில் இத்தனை போக்கும் முடிவதற்குள் தே தாரிக் ஆறிவிடும். பிரின்ட் அதைவிட எவ்வளவோ வேகம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு எழுத்துச் சரத்தைத் தொடக்கத்திலேயே கட்டி வைத்துவிடுங்கள்: நிறக் குறி, எழுத்தையும் பின்னணியையும் நிறம் மாற்றிக் காட்டும் ரிவர்ஸ் ஆன் (அது 18), ஆறு இடைவெளி, ஒரு கீழ் கர்சர் (17), ஆறு இடது கர்சர் (157), அடுத்த வரியில் எண், மறுபடி கீழே, இப்படி நான்கு வரிக்கும். அப்புறம் ஓட்டை வரைய ஒரே ஒரு பிரின்ட், முடிவில் அரைப்புள்ளி போட மறக்காதீர்கள், இல்லையென்றால் கர்சர் அடுத்த வரிக்குத் தாவும். எண்ணைச் சரமாக்கும்போது முன்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், அதையும் சேர்த்து ஆறாக நிரப்புங்கள். ஆறு இலக்க எண்ணுக்கு மட்டும் அதை வெட்டிவிட வேண்டும்.

கர்சரை வேண்டிய இடத்தில் நிறுத்த மெஷினுக்குள்ளேயே ஒரு ரூட்டீன் இருக்கிறது. போக் 781இல் வரி, 782இல் பத்தி, 783இல் பூஜ்யம், பிறகு சிஸ் 65520 கொடுத்தால் அந்த ரூட்டீன் ஓடும். இதை ஒரு துணைநிரலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறங்களுக்கு நான் பயன்படுத்தும் டேட்டா வரி இது, காலியில் தொடங்கி 2048 வரை: 151, 155, 5, 158, 129, 150, 28, 153, 30, 159, 154, 156. காலி அடர் சாம்பல், 2 வெளிர் சாம்பல், 4 வெள்ளை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, வெளிர் சிவப்பு, சிவப்பு, இரண்டு பச்சை, சியான், வெளிர் நீலம், கடைசியில் ஊதா. ரிவர்ஸில் எழுதும்போது எண் பின்னணி நிறத்தில்தான் தெரியும், 53281இல் பூஜ்யம் போட்டுப் பின்னணியைக் கருப்பாக்கியிருப்பதால் எண்கள் கருப்பு. அதனால்தான் நீலமும் பழுப்பும் என் பட்டியலில் இல்லை, கருப்பு எழுத்து அவற்றில் மூழ்கிவிடும். 2048ஐத் தாண்டினால் என்ன நிறம் என்று கேட்டால், ஊதாவே போதும், அங்கே போனவர்களுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை.

இத்தனை செய்தும் 16 ஓட்டையும் ஒவ்வொரு முறையும் வரைந்தால் மெதுவாகத்தான் இருக்கும். பலகையின் நகல் ஒன்றை வேறொரு வரிசையில் வைத்து, மாறிய கட்டத்தை மட்டும் வரையுங்கள். இதுதான் பெரிய வித்தியாசத்தைத் தரும். அடுத்தது, தள்ளும் துணைநிரலை நிரலின் தலைப்பகுதியில் வையுங்கள், முதல் வரியில் அதைத் தாண்டிப் போக ஒரு கோ டூ (வேறு வரிக்குத் தாவும் கட்டளை). தான் நிற்கும் வரிக்கு முந்தைய வரி எண்ணைத் தேடும்போது பேசிக் நிரலின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வரும், வெகு தூரம் பிந்தையதென்றால் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும், 2000ஆவது வரியில் வைத்தால் ஒவ்வொரு கோசப்புக்கும் இடையில் இருக்கும் வரிகளையெல்லாம் நடந்து கடக்கவேண்டும். மாறிகளுக்கும் இதே கதை, முதலில் உருவானது முதலில் கிடைக்கும். அதனால் டிம் போடுவதற்கும் முன்னால் ம, வா, எ, தா, கை எல்லாவற்றுக்கும் ஒரு பூஜ்யம் கொடுத்து வரிசையில் நிற்க வைத்துவிடுங்கள். எது எவ்வளவு மிச்சம் செய்தது என்று தெரிய, தள்ளலுக்கு முன்னும் பின்னும் டிஐயை எடுத்துக் கழித்து 60ஆல் வகுங்கள், விநாடி வரும். முழு எண் மாறி, அதான் சதவீதக் குறி போட்டது, வேகம் தரும் என்று சிலர் சொல்வார்கள். இந்த பேசிக்கில் நேர்மாறு, கணக்குப் போடும்போது அதை மிதவை எண்ணாக மாற்றித்தான் எடுத்துக்கொள்ளும், நேரம் கூடத்தான் ஆகும்.

ஆட்டம் முடிந்ததா என்று பார்ப்பதற்கு, காலி ஒன்றுகூட இல்லாதபோது மட்டும் பக்கத்துப் பக்கத்து ஓடுகளை ஒப்பிடுங்கள். வலப்பக்கம் 12 ஜோடி, கீழ்ப்பக்கம் 12 ஜோடி, 24இல் ஒன்றாவது சமமாக இருந்தால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. வலப்பக்க ஓரத்தைத் தவிர்க்க, கட்ட எண்ணை 3 உடன் ஆண்ட் செய்து 3 வந்தால் அது ஓரம். இங்கேதான் டிம் 19 வேலைக்கு வருகிறது. பேசிக், ஆண்டின் இரண்டு பக்கத்தையும் எப்போதும் கணக்கிடும், முதல் பக்கம் பொய் என்றாலும் இரண்டாவதை விடாது. 15ஆவது கட்டத்தைப் பார்க்கும்போது 16ஐயும் 19ஐயும் எட்டிப் பார்க்கும், டிம் 15 என்று போட்டிருந்தால் பேட் சப்ஸ்கிரிப்ட் என்று விழுந்துவிடும். நான்கு வெற்றுக் கட்டம் கூடுதலாக இருந்தால் அங்கே பூஜ்யம் இருக்கும், நிரம்பிய பலகையில் பூஜ்யத்தோடு யாரும் சமமாக மாட்டார்கள், கீழ் ஓரத்துக்குத் தனியாக நிபந்தனை எழுதும் வேலையும் மிச்சம்.

இந்தச் சோதனையைத் துணைநிரலாக எழுதினால், ஜோடி கிடைத்ததும் ரிட்டர்ன் கட்டளை வழியாகவே வெளியே வாருங்கள். கோ டூ போட்டு வெளியே குதித்தால் முதலில் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நேரம் ஆடிய பிறகு அவுட் ஆஃப் மெமரி என்று வரும். நினைவகம் தாராளமாக இருக்கும், நிரம்பியது திரும்பி வராத கோசப்புகளின் அடுக்குதான்.

சத்தம் இல்லாமல் இந்த மெஷினில் ஆட்டமா? போக் 54296,15 ஒலி அளவு, 54277இல் 9, 54278இல் 0, இது தொடக்கத்தில் ஒரு முறை. ஓடு கூடும்போதெல்லாம் 54273இல் 8+ம*5 போட்டு, 54276இல் 32, உடனே 33. சின்ன ஓடு கூடினால் அடங்கிய சத்தம், பெரியது கூடினால் எடுப்பாகக் கேட்கும். திரையைப் பார்க்காமலேயே அடுத்த அறையிலிருந்து என் அண்ணி, "இப்ப பெருசா ஏதோ சேர்ந்துச்சு" என்று சொல்வார்.

அடிக்கடி சேவ் செய்யுங்கள். ஒரு முறை, எல்லாம் முடிந்து நிறப் பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ரைஸ் குக்கருக்கு பிளக் பாயின்ட் வேண்டும் என்று யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டார்கள். 64 கிலோபைட்டில் ஒரு பைட் மிஞ்சவில்லை. டிஸ்கில் சேவ் செய்யும்போது ஒவ்வொரு முறையும் பெயருக்குப் பின்னால் எண்ணை மாற்றுங்கள், பழைய பெயரிலேயே மேலெழுதும் @ குறியை நம்பவேண்டாம், கமடோரின் 1541 டிஸ்க் டிரைவில் அது வேறு கோப்பைக் கெடுத்துவிடக்கூடிய பழம்பெரும் பிழை.

2048 வந்தால் என்ன ஆகும் என்பதைச் சோதிக்க அந்த எண் வரும்வரை ஆடிக்கொண்டிருக்காதீர்கள். ஸ்டாப் அழுத்தி நிறுத்தி, ப(0)=10, ப(1)=10 என்று நேரே தட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரும் கான்ட் கட்டளையைக் கொடுங்கள், ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளுங்கள். மாறிகள் எல்லாம் அப்படியே இருக்கும், மூலையில் ஊதா ஓடு வரவேண்டும், சத்தமும் உச்சத்தில் கேட்கவேண்டும். நடுவில் ஒரு வரியைத் திருத்தினால் மட்டும் கான்ட் வேலை செய்யாது, ரன்தான். நான் இப்படிச் சோதித்துக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்த அண்ணன் மகன் அன்றிலிருந்து ஸ்டாப் சாவி எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொண்டுவிட்டான், இப்போது அவனுடைய ஸ்கோரை வீட்டில் யாரும் நம்புவதில்லை.